காலை மெதுவாக மடக்குங்கள், தம்பிகளே

பொங்கல் கழிந்து சம்பா அறுவடையும் முடிந்துவிட்டால் பாகூர் பக்கத்து வயல்களில் சில வாரங்களுக்கு நல்ல கட்டாந்தரை கிடைக்கும். தாள் அறுத்து, மாடு மேய்ந்து, டிராக்டர் ஓடி இறுகிப்போன தரை. ரேடியோ கண்ட்ரோல் விமானம் விடுகிற பையன்கள் அந்தச் சில வாரங்களுக்காகத்தான் வருஷம் பூராவும் காத்திருக்கிறார்கள். நானும் போவேன், மடக்கு நாற்காலியும் குடையுமாக.

இந்தத் தடவை வந்தது ஒரு டக்கோட்டா. என் தம்பியின் பேரனும் அவன் சிநேகிதர்கள் இரண்டு பேரும் ஆறு மாதம் உழைத்துச் செய்தது. நிஜத்தில் பதினாறில் ஒரு பங்கு அளவு. நிஜ டக்கோட்டாவுக்கு இறக்கை நுனியிலிருந்து நுனி வரை 29 மீட்டர், இதற்கு 1.8 மீட்டர். வெள்ளிப் பூச்சு, ஜன்னல்கள், கதவில் சின்னதாகக் கைப்பிடிகூட வரைந்திருந்தார்கள். ஓடியது, வாலைத் தூக்கியது, அழகாக எழும்பியது. தென்னை மர உயரம் போனதும் பேரன் சுவிட்சைத் தட்டினான்.

'டப்!'

இரண்டு கால்களையும் காணோம். எலிப்பொறி மூடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். எல்லாரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கீழே இறக்கிய பிறகு சொன்னேன்: "ஏம்பா, இவ்வளவு பாடுபட்டுச் செஞ்சீங்க. அந்தக் காலை மட்டும் ஏன் இப்படி வெடுக்குன்னு இழுக்கறீங்க? மெதுவா மடக்கக்கூடாதா?"

"தாத்தா, மேல போயிட்டாப் போதாதா? ஒரு செகண்டா, அஞ்சு செகண்டான்னு யாரு பாக்கப் போறாங்க?"

இன்னொருவன் மெல்லச் சொன்னான்: "கவர்மெண்ட் ஆபீஸ்ல வேலை பாத்தவரு. எல்லாமே மெதுவாத்தான் போகணும்னு சொல்வாரு."

சிரித்தேன். முப்பத்திநாலு வருஷம் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இந்தக் கேலி புதிதா? கோப்பு மெதுவாக நகர்ந்தால் அது சோம்பல், சில சமயம் அதைவிட மோசம். அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் விமானத்தின் கால் கோப்பு இல்லை. வீட்டுக்கு வந்ததும் அந்த 'யாரு பாக்கப் போறாங்க' மட்டும் மனசில் முள்ளாக நின்றது. அதற்குத்தான் இந்தப் பதில். நான் பார்க்கிறேன் தம்பி. நான் பார்க்காவிட்டாலும் உன் விமானத்தின் ப்ளைவுட் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்த கதை. என் சித்தப்பா ஒரு சொல்தா. வெளியூர் வாசகர்களுக்காக: பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்த புதுச்சேரிக்காரர்களை இங்கே சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் இந்தோசீனாவில், சைகோனில் இருந்தவர். லீவில் வரும்போது பிரெஞ்சு விமானப் பத்திரிகைகள் கொண்டுவருவார். எனக்குப் பிரெஞ்சு மீடியம் என்பதால் வீட்டில் அவற்றைப் படிக்கக்கூடிய ஒரே சின்னப் பையன் நான். அதில் அடிக்கடி ஒரு சொல் வரும்: 'த்ரேன்'. விமானம் எழும்பியதும் பைலட் 'த்ரேன்' ஐ உள்ளே இழுத்துக்கொண்டார் என்று இருக்கும். எங்கள் வில்லியனூர் ஸ்டேஷன் வழியாக 1879இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற த்ரேன் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அந்த ரயிலை எப்படி விமானத்துக்குள் இழுப்பார்கள் என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு சித்தப்பாதான் சொன்னார், பிரெஞ்சில் விமானத்தின் கால்களுக்கும் சக்கரங்களுக்கும் சேர்த்து அதே பெயர் என்று. சொல்லிவிட்டு இரண்டு முழங்கைகளையும் தொங்கவிட்டு, டக்கோட்டா எப்படிக் காலை மடக்கும் என்று நடித்துக் காட்டினார். முதலில் ஒரு கை மெல்ல மெல்ல மேலே போனது. அது பாதி போன பிறகு இன்னொரு கை கிளம்பியது. "ஒண்ணு போகும், அப்புறம் ஒண்ணு. கிழவன் படி ஏறற மாதிரி" என்றார்.

அவர் கதை விடுகிறார் என்று நினைத்தேன். இல்லை, நிஜம்தான். டக்கோட்டாவின் கால்களை இழுப்பது ஹைட்ராலிக் எண்ணெய். ஒரே பம்பிலிருந்து இரண்டு காலுக்கும் எண்ணெய் போகிறது. எந்தக் காலில் தடை குறைவோ அங்கே எண்ணெய் முதலில் பாய்கிறது. அந்தக் கால் முந்துகிறது. அதனால் ஒன்று முன்னும் ஒன்று பின்னுமாகப் போவது டக்கோட்டாவின் அடையாளம். மடக்கிய பிறகும் சக்கரங்கள் முழுசாக மறையாது. என்ஜின் கூட்டுக்குக் கீழே கொஞ்சம் வெளியே தெரியும். வால் சக்கரம் மடங்கவே மடங்காது. 1947 அக்டோபர் 27 அன்று ஸ்ரீநகரில் நம் சிப்பாய்களைக் கொண்டுபோய் இறக்கியது இந்த விமானம். அதே வருஷம் டிசம்பரில் ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு ஏர் சிலோன் முதல் சர்வீஸ் விட்டதும் இதில்தான். நாம் ஓட்டை பஸ்ஸைப் பார்த்து 'டக்கோட்டா வண்டி' என்று கேலி செய்கிறோம். செய்யலாம். ஆனால் அதன் உருவத்தைச் செய்து பறக்கவிடுகிறவன் அதன் நடையையும் கொஞ்சம் செய்ய வேண்டாமா? கதவுக் கைப்பிடியை வரையத் தெரிந்தவனுக்கு, பாகூர் வயலில் நிற்கிற எல்லார் கண்ணும் அந்த நேரத்தில் எங்கே இருக்கும் என்று தெரியாதா? காலில்தானே இருக்கும்!

அந்தக் காலத்தில் கால் மடக்குவது பைலட்டுக்குக் கூலி வேலை. ஆவ்ரோ ஆன்சன் என்ற பயிற்சி விமானத்தில் கைப்பிடியை 140 தடவைக்கு மேல் சுற்றினால்தான் கால் மேலே போகும். முதலில் வந்த ஸ்பிட்ஃபயர்களில் கைப் பம்பு. வலது கையால் அதை அடிக்க வேண்டும் என்பதால் பைலட் கண்ட்ரோல் ஸ்டிக்கை இடது கைக்கு மாற்றிக்கொள்வார். ஒரு கை பம்பு அடிக்க, மறு கையும் கூடவே ஆட, தரையை விட்டுக் கிளம்பிய விமானம் ஒத்தையடிப் பாதையில் போகிற சைக்கிள் மாதிரி ஆடி ஆடிப் போகும். கனத்தை நகர்த்துவதற்கு நேரம் பிடிக்கும் என்பது இயற்கை. உங்கள் மாடலில் கால் ஒரே இமைப்பில் மறைந்தால் பார்க்கிறவன் கண்ணுக்கு அதில் கனம் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. ஆறு மாத உழைப்பு அந்த ஒரு நொடியில் பொம்மையாகிவிடுகிறது.

அப்படியானால் எவ்வளவு மெதுவாக? இங்கேதான் சில பெரியவர்களும் தப்புச் செய்கிறார்கள். நிஜத்தில் பன்னிரண்டு விநாடி என்றால் மாடலிலும் பன்னிரண்டு விநாடி என்று பிடிவாதம் பிடிப்பார்கள். அதுவும் சரியில்லை. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றின் நீளத்தை நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் ஆட்டத்தின் நேரம் நாலில் ஒன்றாகாது, பாதியாகும். நீளத்தின் வர்க்கமூலப்படிதான் நேரம் குறைகிறது. சினிமாவில் பொம்மைக் கப்பலையும் பொம்மை ரயிலையும் நிஜம்போலக் காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் கேமராவின் வேகத்தைக் கூட்டுகிறார்கள். பதினாறில் ஒரு பங்கு மாடல் என்றால் வர்க்கமூலம் 4. நிஜம் 12 விநாடி என்று வைத்துக்கொண்டால் மாடலுக்கு 3 விநாடி. நான் கேட்பது அவ்வளவுதான், மூன்றே மூன்று விநாடி.

இது வெறும் அழகு விஷயம் என்று நினைத்தால் அன்றைக்கு மூன்றாவது சுற்றில் நடந்ததைக் கேளுங்கள். இறங்குவதற்காகச் சுவிட்சைத் தட்டினான். மறுபடியும் 'டப்'. இரண்டு காலும் வெளியே வந்தன, பார்வைக்கு நேராகத்தான் இருந்தன. தரை தொட்டதும் இடது கால் மட்டும் அப்படியே உள்ளே மடிந்தது. இறக்கை தரையில் உரசி, விமானம் சுழன்று, ஒரு ப்ரொப்பெல்லர் போச்சு, என்ஜின் கூடு பிளந்தது. "தரை சரியில்ல" என்றான் ஒருவன். தரைமேல் பழி போடுவது சுலபம், அது பதில் பேசாது.

இறக்கையைக் கழற்றிப் பார்த்தோம். காலைத் தாங்குகிற ப்ளைவுட்டில் நான்கு திருகு ஓட்டைகளும் முட்டை வடிவத்தில் நீண்டிருந்தன. காலைப் பூட்டுகிற ஊசி தன் பள்ளத்துக்குள் பாதிதான் இறங்கியிருந்தது. ஒரு நாளில் ஆகிற காரியம் இல்லை அது. இந்த ரிட்ராக்ட் செட், என் மகன் பிரான்ஸிலிருந்து அனுப்பிய பழைய காற்று வகை. சின்ன டாங்க்கில் சைக்கிள் பம்பால் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு வரை காற்று அடைப்போம். கார் டயரில் இருப்பதைப்போல மூன்று மடங்கு. பிஸ்டன் அரை அங்குல விட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரப்பு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சதுர அங்குலம். தள்ளுகிற விசை 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. உள்ளங்கை அளவு காலை 9 கிலோ விசையால் தடையே இல்லாமல் தள்ளிக் கடைசியில் ஒரு சுவரில் மோதவிடுகிறோம். வீட்டில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சுவிட்சைத் தட்டித் தட்டிக் காட்டியது வேறு. ஒவ்வொரு 'டப்'பும் அந்தத் திருகில் விழுந்த சுத்தியல் அடி. மூன்று மடங்கு மெதுவாக்கினால் மோதுகிற வேகம் மூன்றில் ஒன்று. மோதலின் சக்தியோ ஒன்பதில் ஒன்று. பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குத்தான், புதிதாக ஒன்றும் இல்லை.

பிரெஞ்சில் 'லாந்த்மான்' என்று ஒரு சொல் உண்டு, 'தூஸ்மான்' என்று ஒரு சொல் உண்டு. முதலாவது கடிகாரத்தில் மெதுவாக. இரண்டாவது கையில் மெதுவாக, மிருதுவாக. எங்கள் வாத்தியார் பெஞ்சை இழுத்தால் 'தூஸ்மான்' என்பார், 'லாந்த்மான்' என்று சொன்னதே இல்லை. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல், மெதுவாக. மெத்தை, மெது வடை எல்லாம் அந்தக் குடும்பம்தான். தமிழ்தான் சரி என்று இப்போது தோன்றுகிறது. நேரத்தில் மெதுவாகக் கிளம்பிக் கடைசியில் மடாரென்று மோதுகிற கால் மெதுவாக மடங்கிய கால் ஆகாது.

சரி, எப்படிச் செய்வது? முதலில் எப்படிச் செய்யக்கூடாது என்று சொல்கிறேன். பையன்களுக்கு உடனே தோன்றுவது காற்றைக் குறைத்து அடைப்பது. 100க்குப் பதில் 50. கால் கொஞ்சம் மெதுவாகும், உண்மை. ஆனால் கடைசியில் பூட்டு ஊசியைப் பள்ளத்துக்குள் தள்ளுவதற்கு முழு விசை வேண்டும். அழுத்தம் குறைந்தால் கால் நேராக நிற்கும், பூட்டியிருக்காது. தரை தொட்டதும் மடியும். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாகூர் ஏரியில் மதகை எதற்கு வைத்திருக்கிறார்கள்? சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகத் தென்பெண்ணைத் தண்ணீர் வந்து ஏரி நிறைந்திருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் நிதானமாகப் போக வேண்டும் என்று யாராவது ஏரி மட்டத்தைக் குறைப்பார்களா? மதகின் பலகையைத்தான் இறக்குவார்கள். டாங்க்கில் 100 அப்படியே இருக்கட்டும். குழாயில் வழியை மட்டும் குறுக்குங்கள். ஓட்டம் குறைந்து கால் நிதானமாகப் போகும். போய் நின்ற பிறகு முழு அழுத்தமும் வந்து சேர்ந்து பூட்டை அழுத்தும்.

அடுத்த தப்பு, உள்ளே போகிற காற்றை மட்டும் குறுக்குவது. கால் இறங்கும்போது அதன் எடையே அதைக் கீழே இழுக்கிறது. பிஸ்டனின் மறுபக்கத்துக் காற்று தடையில்லாமல் வெளியேறினால் உள்ளே வருகிற காற்றுக்குக் காத்திராமல் கால் விழும். மேலே போகும்போதோ நிற்கும், துள்ளும், நிற்கும். குறுக்க வேண்டியது வெளியேறுகிற காற்றை. பிஸ்டனுக்கு முன்னால் எப்போதும் ஒரு காற்று மெத்தை இருக்க வேண்டும். வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேரைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அந்தக் காலத்தில் பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்த தேர், இப்போது துணைநிலை ஆளுநர் பிடிக்கிறார். போட்டோவில் வருவது வடம் பிடிக்கிறவர்கள். தேரை நிதானத்தில் வைத்திருப்பது சக்கரத்துக்கு அடியில் குனிந்து முட்டுக்கட்டை போடுகிறவர்கள். இழுக்கிறவனிடம் மெதுவாக இழு என்று கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை, சக்கரத்துக்கு முன்னால் கட்டை வேண்டும்.

கடையில் இதற்கென்றே திருகு வைத்த சின்ன வால்வுகள் கிடைக்கின்றன. சிலவற்றில் ஒரு பக்கம் மட்டும்தான் தடுக்கும், மறுபக்கம் தாராளமாக விடும். அம்புக்குறியைப் பார்த்து மாட்ட வேண்டும். திருப்பி மாட்டிவிட்டு வால்வு மோசம் என்று திட்டியவர்களில் நானும் ஒருவன். நான் முதலில் செய்த வைத்தியம் இன்னும் கேவலம். ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றும் குழாயில் சின்னச் சக்கரம் இருக்குமே, நர்ஸ் விரலால் உருட்டுவாரே, அதைக் கொண்டுவந்து காற்றுக் குழாயில் மாட்டினேன். காலையில் அருமையாக இருந்தது. பதினொரு மணி வெயிலில் குழாய் இளகி நசுங்கி வழியே அடைத்துவிட்டது. கால் பாதியில் நின்றது. அன்றைக்குச் செய்த குற்றத்துக்கு அடையாளமாக வயிறு தேய்ந்த ஒரு விமானம் இன்னும் பரணில் இருக்கிறது. இரண்டு கால்களுக்கும் பொதுவான குழாயில் ஒரே வால்வு வைத்தால் ஒரு கால் முந்தும். இரண்டும் சேர்ந்து போக வேண்டும் என்றால் காலுக்கு ஒன்றாகத் தனித்தனியே வைக்க வேண்டும்.

சர்வோ வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய ரிட்ராக்ட் சர்வோவுக்கு இந்தக் கோடி, அந்தக் கோடி, இரண்டுதான் தெரியும். ரிமோட்டில் வேகத்தைக் குறைத்தாலும் அதற்குக் காது கேட்காது. அது பூரணமாகச் சுற்றி முடிக்காதபடி கம்பி இடித்துக்கொண்டிருந்தால் முட்டிக்கொண்டே நின்று ரிசீவர் பேட்டரியைக் குடித்துவிடும். அப்புறம் கால் மட்டுமில்லை, விமானமே வராது.

எதிர்த்தரப்புக்கு ஒரு நல்ல வாதம் இருக்கிறது. அதை மறைத்துவிட்டு எழுதினால் நியாயமில்லை. நடுவானில் என்ஜின் நின்றுபோனால்? தரை தொட இரண்டு விநாடிதான் இருக்கிறது, உன் கால் மூன்று விநாடி எடுத்துக்கொண்டு நிதானமாக வருமா என்று பேரன் கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில்: அந்த இரண்டு விநாடியில் காலைத் தேடுகிறவன் ஏற்கெனவே தோற்றுவிட்டான். அப்போது காலை விட்டுவிட்டு வயிற்றிலேயே இறக்கு. டக்கோட்டாவுக்குச் சக்கரம் கொஞ்சம் வெளியே நிற்பதால் நிஜ விமானமே அப்படி இறங்கினால் சேதம் குறைவு. மற்றபடி இறங்கும் சுற்று ஆரம்பித்தவுடனேயே காலை இறக்கிவிட்டுக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள். ஆனால் வால்வு ஒன்று கூடினால் பழுதாகும் இடமும் ஒன்று கூடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் ஒவ்வொரு நாளும் பறக்கவிடுவதற்கு முன் ஸ்டாண்டில் வைத்துப் பத்துத் தடவை இயக்கிப் பார் என்கிறேன். வெயிலிலும் ஒரு தடவை.

"இப்ப எலக்ட்ரிக் ரிட்ராக்ட் வந்துடுச்சு தாத்தா, அதுவே மெதுவாத்தான் போகும்" என்றான் இன்னொருவன். சந்தோஷம். வாங்கிப் போடுங்கள். அதோடு எனக்குச் சண்டை இல்லை. அது மெதுவாகப் போவதற்குக் காரணம் உள்ளே மோட்டாரும் திருகுமரையும் இருப்பது. நீ கவனித்ததால் இல்லை. என் சண்டை 'யாரு பாக்கப் போறாங்க' என்கிற பேச்சோடுதான். 2021இல் வந்த ட்ரோன் விதிகளைக் குமாஸ்தா புத்தியோடு முழுசாகப் படித்தேன். கால் எத்தனை விநாடியில் மடங்க வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. யாரும் சோதிக்க வர மாட்டார்கள். ஆபீஸிலும் அப்படித்தான், யாரும் பார்க்கப்போவதில்லை என்று விட்ட இணைப்புத் தாள்தான் பத்து வருஷம் கழித்து ஒருவருடைய பென்ஷனை நிறுத்தும்.

பையன்கள் ப்ளைவுட்டை மாற்றி, எபாக்சி போட்டு, பின்னால் ஒரு துண்டு அலுமினியத் தகடும் வைத்தார்கள். வால்வு என் செலவு. ஒன்றே ஒன்று, பொதுக் குழாயில். சனிக்கிழமை ராத்திரி பேரன் போன் செய்தான். "தாத்தா, மூணு செகண்ட் வந்துடுச்சு. சத்தமே இல்ல. ஆனா இடது கால் முன்னாடி போவுது, வலது கால் லேட்டா வருது. பிரிச்சு இன்னொரு வால்வு போட்டுடவா?"

"தொடாதே" என்றேன்.